ஜீப்பில் அம்மாவின் இடம்

என் வேலை என்ன என்று அம்மாவுக்கு விளங்கவைப்பதற்குள் எனக்கே அது குழம்பிவிடும். ஏஐ ஏஜென்ட் என்கிற மென்பொருள் சொன்ன வேலையைச் செய்யும், ஆனால் பேச்சு முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அது மாதக்கணக்கில் நினைவு வைத்துக்கொள்ள ஒரு கருவி செய்கிறார்கள். அந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று பூப்பாறையில் எங்கள் வீட்டிலிருந்தே எழுதித் தருபவள் நான். "மறதிக்கு மருந்து எழுதுறேன்னு சொல்லு, தீந்துச்சு" என்பாள் அம்மா.

கையேட்டுக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. அம்மாவையும் அவள் சேக்காளிகளையும் காலையில் ஏற்றிக்கொண்டு சாந்தன்பாறைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பையே எடுத்துக்கொண்டேன். டிரைவர் அண்ணன் போனில் ஏஜென்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று சாயங்காலம் கேட்கும். விடிந்ததும் எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று பள்ளிக்கூட வாத்தியார் தமிழில் சொல்லும். பெண்கள் அதனிடம் முட்டிவலியெல்லாம் சொன்னார்கள். மறுநாள் வலி எப்படி இருக்கிறது என்று அது கேட்டது. "பெத்த மகன் கேக்கல, இது கேக்குது" என்று ஒருத்தி நெகிழ்ந்துபோனாள்.

ஆடி மழையில் அம்மா காய் எடுக்கப் போன சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால் ஓரத்து இடம் பல வருடமாக அவளுடையது. எங்கள் பக்கம் ஜீப்பில் இடம் இருந்தால்தான் தோட்டத்தில் வேலை. அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. அம்மாவுக்குக் காலைவிட அதுதான் கவலை.

ஏஜென்ட் தினமும் அம்மாவைப் பற்றிக் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாதவரைப் பற்றி "வரமாட்டா" என்று இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் பலித்துவிடும் என்று பயம். டிரைவர் அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. நினைவுக் கருவியில் ஒரு விதி உண்டு: நெடுநாள் யாரும் பதில் சொல்லாமல் விட்ட நினைவு பழசாகிவிட்டது என்று அதுவாகவே துடைத்துவிடும். கையேட்டில் அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு காலையில் ஏஜென்ட், "வண்டியில் ஓர் இடம் காலியாக உள்ளது" என்றது. முன்னால் உட்கார்ந்திருந்த தோட்டத்து சூப்பர்வைசர் அதைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை புது ஆள் ஒருத்தி வருவாள் என்றாராம்.

மத்தியானத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஏண்டி, எம் எடத்த ஒம் பொட்டி தூக்கி வேற யாருக்கோ குடுத்துருச்சாமே?"

அம்மா கோபமாகக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் குரல் உடைந்துபோயிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, யாரும் எதுவும் சொல்லாததால்தான் அது மறந்துபோனது என்று பொரிந்து தள்ளினேன்.

"அக்கா வரலைன்னு எப்படிம்மா சொல்லுவேன்? நாக்குல வருமா?" என்றார்.

"அப்ப வர்றாங்கன்னே சொல்லித் தொலைங்கண்ணே!"

கோபத்தில் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலத்திலிருந்து அவரும் பெண்களும் ஒருவர் விடாமல், "அக்கா நாளைக்கு வருது" என்று ஏஜென்ட்டிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை அது, "இடம் எதுவும் காலியில்லை" என்றது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தாராம். அம்மாவின் இடத்தில் சாப்பாட்டுப் பைகளை அடுக்கிவைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவரும் இந்த மலைக்காரர்தானே. "அவதான் வரமாட்டாளே" என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. புது ஆளுக்கு வேறு ஜீப் பார்த்துக் கொடுத்தார்.

ஏஜென்ட் சொன்னபடி ஜீப் தினமும் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடித்தது. "போயிட்டு வாங்கடி" என்று அம்மா கட்டிலில் இருந்தபடியே கத்துவாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

உதாரணத்தைப் படித்துவிட்டு, கருவி செய்யும் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் எழுதினார்: உங்கள் உதாரணத்தில் தவறான தகவல் ஒன்று தினமும் பதிவாகிறது, நீக்கிவிடலாமா? தவறில்லை, இருக்கட்டும் என்று பதில் போட்டேன். கையேட்டில் விட்டுவைத்திருந்த அந்தப் பக்கத்தையும் அன்றைக்கே எழுதினேன். யாரும் பேசாத விஷயம் யாருக்கும் வேண்டாத விஷயம் என்று அர்த்தமில்லை, துடைப்பதற்கு முன் கேளுங்கள் என்று முதல் வரியிலேயே போட்டேன்.

கட்டுப் பிரித்து, நடந்து பழகி, ஒருநாள் ஹாரனுக்கு முன்பே தூக்குவாளியோடு வாசலில் நின்றாள் அம்மா. ஜீப் வந்ததும் பைகளையெல்லாம் மளமளவென்று மடிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மாவைக் கைகொடுத்து ஏற்றினாள். டிரைவர் அண்ணன் போனைச் சத்தமாக வைத்தார். இன்றைக்காவது அது விசேஷமாக ஏதாவது சொல்லாதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

தினமும் சொல்வதையே சொன்னது: "இன்று அனைவரும் வருகிறார்கள்."

"பின்ன?" என்றாள் அம்மா, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டே.