கமலாசனியின் வலது கால்

கமலாசனி நெல்லுக்குள் இறங்குவதில்லை. முற்றத்துச் சீமெந்துத் தரையில் அவித்த நெல்லைப் பரப்பிவிட்டு, நீண்ட தடியில் பலகைத் துண்டு அறைந்து வைத்திருக்கிறாளே, அதால் கரையில் நின்றபடியே துழாவுகிறாள். காலில் கன்வஸ் சப்பாத்து. இடது காலில் இருப்பது அவளுடையது. வலது காலில் இருப்பது கணவன் சிற்றம்பலத்தினுடையது. அதுவும் போதாமல் நாடா அவிழ்ந்தே கிடக்கும்.

“சப்பாத்தோடையோ பிள்ளை சோத்து நெல்லைக் காயவைக்கிறாய்?” என்று அரிசி வாங்க வருகிற ஐயாத்துரையர் கேட்பார்.

“நெல்லுக்கை நான் நிக்கேல்லை, அண்ணை. கரையிலைதான் நிக்கிறன்.”

முன்பெல்லாம் முள்ளியவளையில் அவளைப் போல நெல் துழாவ ஆளில்லை. வெறுங்காலால், கொதிக்கிற நெல்லுக்குள் வரிவரியாகக் கோடு இழுத்துக்கொண்டு போவாள். எண்பத்தொன்றில் கர்ப்பப்பையில் புற்றுநோய் கண்டது. கொழும்பில் வெட்டி எடுத்து, கதிர் சிகிச்சையும் கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு “வயித்திலை ஒரு கட்டி” என்று மட்டும் சொன்னாள். பிழைத்து வந்தவள், அடுத்த அறுவடை நெல்லுக்கே மீண்டும் முற்றத்தில் இறங்கிவிட்டாள்.

மூன்று வருடம் ஒன்றுமில்லை. பிறகொரு காலையில் வலது கால் மெட்டி இறுகிக் கழற்ற வராமல் போனது. நகை செய்கிற பத்தர் அதை வெட்டித்தான் எடுத்தார். நின்று நின்று வேலை செய்கிற அலுப்பு என்று நினைத்தாள். கணுக்கால் எலும்பு மெல்ல மறைந்தது. பிறகு, உமி கீறிய ஒரு சிறு காயம். பொழுதுபடுவதற்குள் முழங்கால் வரை நெருப்பாகச் சிவந்து, உடம்பு நடுநடுங்கிக் காய்ச்சல் எறிந்தது. சிற்றம்பலம் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினான்.

காய்ச்சல் தணிந்தபின் பெண் டொக்டர் ஒருவர் வந்து, பெருவிரலால் அந்தக் காலை அமத்திப் பார்த்தார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது நிரம்பவில்லை.

“அடிவயித்திலை ஏதும் ஒப்பரேசன் செய்தனீங்களோ?”

கமலாசனி விசயத்தைச் சொல்லிவிட்டு, “அது திரும்பி வந்திட்டுதோ, டொக்டர்?” என்றாள்.

“இல்லை. அந்த நோய் வரேல்லை. அப்ப உள்ளுக்கிருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்திருப்பினம். காலிலையிருந்து நீர் மேலை போற வழி கெட்டுப்போச்சு. அதுதான் தேங்குது.”

“எப்ப வத்தும்?”

“முழுக்க வத்தாது, அம்மா. துணி சுத்தி, காலைத் தூக்கி வைச்சு, வீக்கம் கூடாமல் பாக்கலாம். காயம் படக்கூடாது. சூடு படக்கூடாது. வெறுங்காலோடை நடக்கவே கூடாது.”

அவளுடைய பிழைப்பே அந்த மூன்றும்தான்.

“இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“சொல்லியிருப்பினம்.”

அப்போதுதான் அது நினைவில் வந்து இடித்தது. கொழும்பில் கட்டிலை விட்டு இறங்கிய நாளில், ஒரு தாதி அவள் காலைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னாள். நடக்க முடிகிறதா என்று கேட்கிறாளாக்கும் என எண்ணி, கமலாசனி சிரித்துத் தலையாட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபின் பல நாள் கிணற்றடியில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தபடி இருப்பாள். “இது வேறை ஆரின்ரையோ கால்,” என்று ஒருமுறை சொன்னாள்.

ஊர் அதற்கு யானைக்கால் என்று பெயர் வைத்தது. மகள் ஞானேஸ்வரியைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக் கனகலிங்கத்தாரின் தமக்கை, திரும்பிப் போகையில் வாசல் படலையைத் தாண்டுமுன்னே சொன்னது முற்றம் வரை கேட்டது: “யானைக்கால் வீட்டிலையோ பொம்பிளை எடுக்கிறது?” அது யானைக்கால் இல்லை என்று சொல்லக் கமலாசனிக்கு ஒரு வசனம் போதும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். கமலாசனி திரும்பி உள்ளே வந்தாள். குசினிக்குள் ஞானேஸ்வரி கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சம்பந்தம் குழம்பிப் போனது. இப்போது ஞானேஸ்வரி வாழ்க்கைப்பட்டிருக்கிற பரந்தன் ஊர் வீட்டார் முதன்முதல் வந்த அன்று, “காலைக் கொஞ்சம் சீலைக்குள்ளை மறைச்சுக்கொண்டு இருமப்பா,” என்று சிற்றம்பலம் கமலாசனியின் காதோடு சொன்னான். அவள் ஓமென்றாள்.

வந்தவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். தேத்தண்ணீர் வருமுன்பே கமலாசனி பேசினாள்.

“எனக்குக் கர்ப்பப்பையிலை புற்றுநோய் வந்து வெட்டினது. அதாலை இந்தக் கால் வீங்கினது. யானைக்கால் இல்லை. ஒருத்தருக்கும் தொத்தாது.”

மாப்பிள்ளையின் தாய் விசிறியை அப்படியே நிறுத்தினாள். சிற்றம்பலம் நிலத்தைப் பார்த்தான். பெரியவர்களுக்கு முன்னால் கால் நீட்டி அறியாத கமலாசனி, ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்த ஒரு கதிரையை இழுத்து, துணி சுற்றிய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, எல்லோரும் பார்க்க அதன்மேல் வைத்தாள்.