பசியைப் பக்தி என்று நம்பினேன்

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் நான் என் மகளுக்குச் செய்த தீங்கைச் சொல்லியாக வேண்டும். அவள் இதைப் படித்துப் பார்த்து, "என் பேரு மட்டும் வேணாம்பா" என்று சொன்ன பிறகுதான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எனக்குத் தூத்துக்குடி. டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு வந்து இருபது வருடமாகிறது. சாஃப்ட்வேர் வேலை. மாதம் ஒரு ஞாயிறு எங்கள் ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி உண்டு. வாசகம் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் நான்தான். என் குடும்பத்தைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதையே விசுவாசம் என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன், தவக்காலம் தொடங்கியபோது என் மகளுக்குப் பதினாறு வயது. முதலில் இனிப்பை விட்டாள். பிறகு சோற்றை விட்டாள். கேட்டால், தவக்காலத்தை ஆங்கிலத்தில் சொல்லி, "லெண்ட்பா" என்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி ஸ்டெல்லா ஒருநாள் கிச்சனில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னங்க, பிள்ள முகத்தப் பாத்தீங்களா? கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு. டாக்டர்ட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கட்டா?"

"நோன்பு இருக்கிற பிள்ளைய நீயே கெடுத்துறாத" என்றேன்.

அதோடு விட்டேனா? அந்த மாதத் திருப்பலி முடிந்து எல்லாரும் ஹாலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்து அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். "அமெரிக்காவுல பிறந்த பிள்ளைதான். எப்படி நோன்பு இருக்கா பாருங்க" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் சிரித்தாள். 

பெரிய வெள்ளிக்கிழமை ஆலயத்தில் சிலுவைப்பாதைச் செபத்தின்போது முழங்காலிட்டவள் எழுந்திருக்கவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். நான் முன்னால் நின்று கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவின் அலறலைக் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் இதயம் மிக மெதுவாகத் துடிப்பதாகச் சொன்னார்கள். சாப்பிடுவதற்கே பயப்பட வைக்கும் நோய் இது, உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்றார் டாக்டர். "எவ்வளவு நாளாகச் சாப்பிடவில்லை?" என்று என்னைக் கேட்டார். "தவக்காலம் என்பதால்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே, "இது லெண்டே இல்லப்பா. அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. சொல்லிடலாம்னு நினைச்சேன். நீங்க எல்லார் முன்னாடியும் பெருமையா பேசினதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?" என்றாள்.

கீழ்த்தளத்தில் ஒரு சிறிய செப அறை இருந்தது. அங்கே போய் நான் முதலில் கேட்டதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "ஈஸ்டருக்குள்ள சரியாக்கிடும் ஆண்டவரே, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன். சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. பிள்ளை உயிருக்குப் போராடுகிறாள், நான் என் பெயரைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறேன்! அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். "என் பேரு போகட்டும். பிள்ளையத் தாரும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எங்களிடம், ஒவ்வொரு வேளையும் யாராவது கூட உட்கார வேண்டும், திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாது என்றார். பேசியே பழகிய எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கி, மதியச் சாப்பாட்டுக்கு நான் உட்கார்ந்தேன். பல நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள். நான் வாயைத் திறக்காமல் இருப்பேன்.

ஒருநாள் தயிர்சாதம். முக்கால் மணி நேரமாகத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லத் தொடங்கினேன். அனுதின உணவைக் கேட்கும் இடம் வந்ததும் மேலே சொல்ல முடியவில்லை. சிறுவயது முதல் சொல்லி வந்த செபம். ஒரு நாளும் நான் அதைப் பசியோடு கேட்டதில்லை.

"நீங்களும்தான் சாப்பிடலப்பா" என்றாள்.

பார்த்தேன். என் தட்டும் அப்படியே இருந்தது. நான் ஒரு வாய் எடுத்தேன். அவளும் ஒரு ஸ்பூன் எடுத்தாள். நான் இன்னொரு வாய். அவள் இன்னொரு ஸ்பூன். இரண்டு தட்டும் காலியாயின. நான் எதுவும் சொல்லவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். என் செபத்துக்குப் பதில் அந்த மதியம்தான் வந்தது.

பிறகு அவளிடம் கேட்டுக்கொண்டு, அதே ஹாலில் நின்று, "நான் சொன்னது தப்பு" என்று எல்லாரிடமும் சொன்னேன். அன்று யாரும் கைதட்டவில்லை. இரண்டு தாய்மார்கள் மட்டும் பிறகு ஸ்டெல்லாவைத் தனியாக அழைத்துப் போய்த் தங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள்.

இப்போது அவள் காலேஜில் படிக்கிறாள். இன்னும் சிரமமான நாட்கள் உண்டு. அவளுடைய பதினாறாவது வயதை என்னால் திருப்பித் தர முடியாது. போன மாதம், "அப்பாவ மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ட்ரை பண்ணிட்டிருக்கேன்பா" என்றாள். பொய் சொல்லாமல் என்னிடம் பேசுகிறாளே, அதற்கே ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

அன்பான தகப்பன்மாரே, உங்கள் பிள்ளைகளை ஆண்டவர் கையில் ஒப்படையுங்கள். அவர் கைவிட மாட்டார். ஆனால் இன்று சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லக் கண்ணை மூடுவதற்கு முன்னால், எதிரே இருக்கிற பிள்ளையின் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள்.