வாசலுக்கு வந்த ஆடு

கரகோல் ஊருக்கு மேலே, பனிச்சறுக்கு மலையில், சலவைக் கூடத்தில் இருபத்தேழு வருஷமாக வேலை பார்க்கிறவள் கலிபா. விருந்தாளிகள் படுத்துப் போன விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து, ஆளைப் பார்க்காமலே ஆளைச் சொல்லுவாள். விரிப்பில் ரொட்டித் தூளும் முட்டை ஓடும் கிடந்தால், "பாவம், சிக்கனமா வந்த குடும்பம். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கிட்டு வந்திருக்காங்க" என்று உதறுவாள். ஏளனமாக அல்ல. பிள்ளைகள் இரண்டு நாள் பனியில் விளையாட, பெற்றவர்கள் எத்தனை மாதம் வாயைக் கட்டியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் கெரிம்குல் அதே மலையில், சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்ட் ஓட்டினவர். போன ஏப்ரலில் மவுத்தானார். அதற்கு முந்தின மாதம், ஈரம் காயாத ஒரு ஆட்டுக்குட்டியைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து, "இது எனக்கு" என்றார். இன்னதென்று சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் கலிபாவுக்கு அந்தச் சொல் விளங்கியது. அவருடைய இடுப்புத் தோல் வாரையே குட்டியின் கழுத்தில் கட்டி வளர்த்தாள். வருகிற ஏப்ரலில், அவர் பேரில் ஓதி எல்லோருக்கும் சாப்பாடு போடுகிற வருஷ பாத்திஹா. வசதியுள்ளவர்கள் குதிரை வெட்டுவார்கள். அவளால் முடிந்தது அந்த ஒரு ஆடுதான்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போன் வந்தது. பேசியது தெமிர்குல், அவள் மருமகளின் அண்ணன். தலைநகரில் பஸ் ஓட்டுகிறவன். மகனும் மருமகளும் மாஸ்கோவில் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது.

"சம்பந்தியம்மா, திங்கக்கிழமை நானும் பொண்ணும் வர்றோம். மூணு ராத்திரி உங்க வீட்டுல தங்கிக்கறோம். பொண்ணு நாலு வருஷமா சறுக்கணும் சறுக்கணும்னு என் உசிரை வாங்குறா. நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. ஒரு டீ போதும்."

"வாங்க தம்பி. உங்க வீடு மாதிரி" என்றாள் கலிபா. போனை வைத்ததும் ஜன்னல் வழியாக ஆட்டைப் பார்த்தாள்.

சம்பந்தி முதல் தடவையாக வீட்டுப் படி ஏறினால் ஆடு வெட்ட வேண்டும். வெந்த தலையை அவன் முன்னால் வைக்க வேண்டும். அது அங்கே யாரும் யோசித்துச் செய்கிற காரியம் அல்ல.

பக்கத்து வீட்டு உர்கூயா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்க ஆட்டை எங்க தொழுவத்துல கட்டிடறேன். வந்தவங்களுக்கு ஒரு கோழியை அடிச்சு வையுங்க. ஹோட்டல் காசை மிச்சம் புடிக்க வர்றவனுக்குக் கோழி போதாதா?"

"சம்பந்திக்குக் கோழியா? என் மருமக முகத்தை நான் எப்படிடி பாக்கறது?"

"மருமக மாஸ்கோவுல இருக்கா."

"அல்லாஹ் இங்க இருக்கானே."

உர்கூயா வேலியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

அன்று தொழுதுவிட்டு விரிப்பிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் கலிபா. ஏப்ரலுக்குள் இன்னொரு ஆடு வாங்க அவள் சம்பளம் எட்டாது. மகனைக் கேட்கலாம்தான். அவன் அறை வாடகைக்கே அங்கே அல்லாடுகிறான். 'உயிரோடு இருந்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்?' என்று நினைத்துப் பார்த்தாள். வந்தவனை உட்காரவைத்துவிட்டுக் கத்தியைத் தேடிப் போவார். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கண் நிறைந்தது.

திங்கள் மதியம் இருவரும் வந்து இறங்கினார்கள். தெமிர்குல் நல்ல மனசுக்காரன், வாய்தான் கொஞ்சம் அதிகம். மகள் மீரிமுக்குப் பதின்மூன்று வயது. யாரிடமோ இரவல் வாங்கிய உடுப்பின் கை, விரல் நுனி வரைக்கும் தொங்கியது.

டீ குடிக்கும்போதே தெமிர்குல் தன் சாமர்த்தியத்தைக் கடை விரித்தான். "சனி ஞாயிறு வந்தா லிஃப்ட் டிக்கெட் விலை அதிகம், அதான் திங்கக்கிழமை. சறுக்குக்கட்டையை மலை மேல வாடகைக்கு எடுத்தா ரெண்டு மடங்கு, அதான் கீழே பஜார்லயே எடுத்துட்டேன். மதிய சாப்பாடு பையில. தங்கறது சம்பந்தி வீடு. எப்படி?"

"டீத்தூளும் நம்ம வீட்டுலேருந்தே கொண்டாந்திருக்கார்" என்றாள் மீரிம்.

"ஏய், சும்மா இரு!"

கலிபா சிரித்தாள். அந்தச் சிரிப்போடு எழுந்து வெளியே போனாள்.

திரும்பி வந்தபோது ஆடு கூட வந்தது. உர்கூயாவும், கத்தியோடு அவள் புருஷனும் பின்னால் நின்றார்கள். வெட்டுவதற்கு முன்னால் ஆட்டை விருந்தாளியின் வாசலுக்குக் கொண்டுவந்து காட்டி, அவன் கையேந்தி துஆ செய்த பிறகுதான் அறுப்பார்கள்.

"ஐயோ, டீ போதும்னு சொன்னேனே!" என்று தெமிர்குல் எழுந்தான். எல்லோரும் சொல்லுகிற சொல்தான் அது. முகத்தில் சந்தோஷம் இருந்தது. கைகளை ஏந்தினான்.

அப்போது உர்கூயாவின் வாய் அவளை மீறியது. "மனசு நோகாதீங்க அக்கா. பாத்திஹாவுக்கு அல்லாஹ் வேற ஆடு குடுப்பான்."

ஏந்திய கை ஏந்தியபடியே நின்றது. தெமிர்குல் ஆட்டின் கழுத்தைப் பார்த்தான். தங்கையின் கல்யாணத்தில் கெரிம்குல் இடுப்பில் கண்ட வார் அது. கலிபா தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று அவன் சொல்லலாம். ஆனால் வாசலுக்கு வந்த ஆட்டைத் திருப்பி அனுப்புவது வீட்டுக்காரியைக் கன்னத்தில் அறைவது போல. வெட்டச் சொன்னாலோ இறந்தவரின் பங்கைத் தின்பது போல.

பிறகு மெதுவாகச் சொன்னான். "யா அல்லாஹ், இந்த ஆடு கெரிம்குல் அண்ணனோட பேருக்கு ஆகட்டும். அவர் கபரை விசாலமாக்கு. ஆமீன்." முகத்தைத் தடவிக்கொண்டு கலிபாவிடம் திரும்பினான். "சம்பந்தியம்மா, வருஷம் முடியறதுக்குள்ள என்னைக்கு ஓதினாலும் பாத்திஹாதானே? நாளைக்கே ஓதிடுவோம். இமாமுக்குச் சொல்லி அனுப்புங்க."

"நாளைக்கா? வீட்டுல மாவு இல்ல, அரிசி இல்ல தம்பி..."

"பாத்திஹாவுக்கு சம்பந்தி வெறுங்கையோட வரலாமா? அதை நீங்க தடுக்க முடியாது" என்று மாவுக்கும் அரிசிக்கும் பணத்தை எடுத்து நீட்டினான்.

தடுக்க முடியாதுதான். அதுவும் வழக்கம். கலிபாவின் கண் அந்தப் பெண்ணிடம் போயிற்று. "புள்ளை நாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கே..."

"அப்பா, அது டிக்கெட் காசா?" என்று கேட்டாள் மீரிம்.

"ஆமாம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்த்திருந்த கட்டைகளையே பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அழவில்லை. இரவல் உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தண்ணி எங்க எடுக்கணும்?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் வாளியைத் தூக்கினாள்.

மறுநாள் சலவைக் கூடத்துப் பெண்களும் லிஃப்ட்காரர்களும் வந்தார்கள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளை மலையாகக் குவித்தார்கள். இமாம் ஓதினார். ஆட்டுத்தலை அவர் முன்னால் வைக்கப்பட்டது. காது பிள்ளைகளுக்கு என்ற வழக்கப்படி அதை அறுத்து மீரிமிடம் கொடுத்தார் அவர். கெரிம்குல் லிஃப்டை நிறுத்தி பயந்த பிள்ளைகளைத் தானே தூக்கி உட்காரவைப்பார் என்று ஒருவர் சொன்னார். லிஃப்ட்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பத்து மாதமாகக் கலிபாவின் நெஞ்சில் கிடந்த கல் அப்போது இறங்கியது. குதிரை வெட்டிய வீடுகளில்கூட இப்படி யாரும் அழுது அவள் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு தெமிர்குல் பையைத் துழாவினான். "ஊருக்குத் திரும்ப பஸ் காசு போக, கொஞ்சம் மிச்சம் இருக்கு. மதியத்துக்கு மேல டிக்கெட் பாதி விலைதானே சம்பந்தியம்மா?"

"ஒரு மணிக்கு மேல" என்றாள் கலிபா.

"பாத்தியா, இதுலயும் மிச்சம்!" என்று அவன் மகளைப் பார்த்தான். மீரிம் முதலில் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

புதன்கிழமை மதியம், கட்டைகளைச் சேர்த்துக் கட்டக் கயிறு அகப்படவில்லை. கலிபா ஆணியில் தொங்கிய தோல் வாரை எடுத்துக் கட்டிக் கொடுத்தாள். மலையில், துவைத்த விரிப்பைத் தோளில் போட்டபடியே சலவைக் கூடத்து வாசலுக்கு வந்து நின்றாள். இருபத்தேழு வருஷத்தில் வேலை நேரத்தில் அப்படி நின்றதே இல்லை. மீரிமின் இடுப்பில் இப்போது அந்த வார், தொளதொளத்த உடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கெரிம்குல் ஓட்டின லிஃப்டில் அவள் ஏறிப் போனாள். முதல் இறக்கத்திலேயே விழுந்தாள். எழுந்தாள். மறுபடி விழுந்தாள்.

"பிஸ்மில்லா சொல்லிட்டு இறங்கு!" என்று கத்தினாள் கலிபா. அத்தனை தூரத்துக்குக் கேட்டிருக்காது. ஈர விரிப்பு குளிரில் தோளிலேயே விறைத்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போகவில்லை.