நிறுத்தினால் அணைந்துபோகும் வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் பக்கம் எஞ்சின் என்றால் பெரும்பாலும் கிணற்று எஞ்சின்தான். நான் அதற்கு மெக்கானிக். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து குருவிகுளம் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் டீசல் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் என்னைத் தேடித்தான் சைக்கிள் வரும். திருப்புளி நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டால், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர். கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்தச் சமயத்தில் ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கினேன். சவாரிக்கு இல்லை, என் மனைவிக்காக. அவளுக்குக் கருப்பையில் புற்று. வாரம் மூன்று நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பஸ்ஸில் அவளால் உட்கார முடியாது. கார் என்றால் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, காலை ஒன்பது மணிக்குள் வந்தாக வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

வண்டி ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரேக்கைப் போட்டு நிறுத்தினால் மட்டும் இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். பிறகு இறங்கி, முன்னால் போய், ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஆடும், உள்ளே அவள் பல்லைக் கடிப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கைத் தேய்த்தேன், பாயிண்டை மாற்றினேன். பூட்டிய பிறகு ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்து எஞ்சினை முறுக்கிக்கொண்டு, திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்பேன். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். சரியாகிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொள்வேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வண்டி என் மானத்தை வாங்கிவிடும். ராஜபாளையத்தில் நல்ல கார் மெக்கானிக் இருக்கிறார், அவரிடம் காட்டு என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொன்னார். "ஏன், அவன் என்ன ஆகாசத்துல இருந்தா குதிச்சான்?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

அந்தத் திமிருக்கு இரண்டு நாள் பலியானது. ஒருநாள் பனவடலிசத்திரம் பக்கம் ஆட்டுக் கிடை ரோட்டைக் கடந்தது. நின்றேன், அணைந்தது. சுற்றச் சுற்றப் பெட்ரோல் அதிகமாகி அடைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கிளம்பவில்லை. இன்னொரு நாள் திருநெல்வேலியை நெருங்கும்போது ரயில்வே கேட்டில் அதே கதை. இரண்டு தடவையும் போய்ச் சேர்ந்தபோது அவள் முறை போய்விட்டிருந்தது. "இப்படி விட்டு விட்டு வந்தா வைத்தியமே வீணாப் போகும்" என்று டாக்டர் வராந்தாவில் வைத்தே சத்தம் போட்டார். அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள், நான் பதில் பேசிவிடக் கூடாது என்று.

அடுத்த ஞாயிறு நான் பானெட்டைத் திறந்து வழக்கம்போல முறுக்கிக்கொண்டிருந்தேன். காற்றுக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள், "ஒண்ணு சொன்னா கோவப்படுவீங்களா?" என்றாள்.

"சொல்லு."

"நிக்கையிலதான அணையுது? நீங்க ஒருநாளும் அத நிக்க விட்டுப் பாக்கலியே. எப்பப் பாத்தாலும் முறுக்கிக்கிட்டே இருக்கீங்க."

"ஏட்டி, ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். கத்தி முடிப்பதற்குள் எனக்குச் சுருக்கென்றது. கிணற்று எஞ்சினைக் கிளப்பினால் வாய்க்காலில் தண்ணீர் விழ வேண்டும், பாய்ச்சி முடிந்ததும் அணைக்க வேண்டும். சும்மா ஓடவிட்டுக் கேட்கும் பழக்கம் எங்கள் தொழிலிலேயே கிடையாது. அதே கையையும் காதையும் வைத்துக்கொண்டு இந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். கார் வேலையை முறையாகக் கற்ற ஆள் ஒருவனும் இவ்வளவு நாள் ஏமாந்திருக்க மாட்டான்.

அணையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் ஸ்லோ ஸ்குருவை வைத்துவிட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தேன். எஞ்சின் திக்கித் திக்கி ஓடியது. கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய் சேருகிற இடத்தில் எண்ணெய்க் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் எண்ணெயைச் சர்ரென்று உள்ளே இழுத்தது. இழுத்த அந்த நொடி திக்கல் நின்றது. அங்கே இடைவெளியை அடைக்க வைத்திருந்த பேக்கிங் வெடித்து, அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. முறுக்கி ஓட்டும்போது அந்தக் காற்று பொருட்டே இல்லை, மெதுவாக ஓடும்போது கழுத்தைப் பிடித்துவிடும்.

புதுப் பேக்கிங் வெட்டிப் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்காகவா அந்த இரண்டு நாள் போயிற்று என்று நினைத்தபோது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் வண்டி எந்த இடத்திலும் அணையவில்லை. எட்டரைக்கே போய்விட்டோம். டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இனிமே அலைய வைக்காதீங்க. வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க" என்றார்.

"அந்த ரெண்டு நாள் வராததாலயா சார்?"

அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். அது ஆமாவா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

"அடுத்து என்னைக்கு வரணுமாம்?" என்று காரில் ஏறும்போது கேட்டாள்.

"சொல்லி அனுப்புதாங்களாம்."

அவள் பின் சீட்டில் படுத்துக்கொண்டாள். மானூர் தாண்டியதும் தூங்கிவிட்டாள். வலி வந்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நிறுத்தினேன். அணைத்தால் சத்தம் நின்று விழித்துக்கொள்வாளோ என்று சாவியைத் தொடவில்லை. அண்ணாச்சி எட்டிப் பார்த்து என்ன என்று சைகையால் கேட்டார். போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. பின்னாலிருந்து, கண்ணைத் திறக்காமலே, "வந்துட்டமா?" என்றாள்.

"இன்னும் இல்ல. தூங்கு" என்றேன்.