அந்தியில் ஊதாத சங்கு

பீணாபாணி சிவப்புக் கட்சி. அவள் புருஷன் ஹரிசாதன் மித்திரர் காங்கிரஸ். இரண்டே அறை கொண்ட அந்த வீட்டில் காலையில் இரண்டு பேப்பர் வந்து விழும். அவர் பேப்பரில் அவள் மீன் செதிலை மடித்துப் போடுவாள். அவள் பேப்பரை அவர் செருப்பு விடும் இடத்தில் விரிப்பார். தேர்தல் வந்தால் இருவரும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, ஒரே ரிக்‌ஷாவில் போய் ஒருவர் ஓட்டை மற்றவர் அழித்துவிட்டு வருவார்கள்.

"ரெண்டு பேரும் வீட்டிலேயே படுத்துக் கிடந்தா அலைச்சலாவது மிச்சம், மாசிமா," என்று தெருப்பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவர்களுக்கு அவள் சித்தி முறை, மாசிமா; அவர் சித்தப்பா முறை, மேசோ.

"உங்க மேசோவைத் தனியா விட்டா ஜெயிச்சுட்டு வந்துடுவாருடா," என்பாள் அவள்.

அவளுக்குச் சிவப்பு எங்கிருந்து ஒட்டியது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். தேசம் பிளந்தபோது பத்மா நதிக்கு அந்தப் பக்கமிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் நாங்கள். கல்கத்தாவின் தெற்கு ஓரத்தில் யாரோ ஒரு ஜமீன்தாரின் சேற்று நிலத்தில் கோரைத் தட்டி கட்டிக் குடியேறி, உதயபள்ளி என்று பெயரும் வைத்துக்கொண்டோம். ஜமீன்தார் சும்மா இருப்பாரா? ஆம்பிளைகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து அடியாட்களை அனுப்பினார். அப்புறம்தான் பெண்கள் கூடி அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆள் வருவதை முதலில் பார்க்கிறவள் சங்கு ஊத வேண்டும். சத்தம் கேட்டதும் அடுப்பில் சோறு கொதித்தாலும் சரி, மடியில் பிள்ளை பால் குடித்தாலும் சரி, கையில் இருப்பதோடு ஓடி வர வேண்டும். குளத்து முனை பீணாபாணியின் இடம். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. வங்காளி வீட்டில் அந்தி விளக்கு ஏற்றினால் சங்கு ஊத வேண்டும். ஊதாத வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வீடு அந்தியில் ஊதினால் நிஜமாக ஆபத்து வரும்போது யார் ஓடி வருவது? ஆகவே விளக்கை மட்டும் ஏற்றினோம். லட்சுமி கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் நடந்தாலும் வெறும் குலவைதான்.

அந்த நாளில் தட்டி கட்டவும் கிணறு வெட்டவும் வந்து நின்றவர்கள் சிவப்புக் கொடிப் பையன்கள். பீணாபாணி சிவப்பானாள். அவ்வளவுதான் விஷயம்.

அவள் அண்ணன் மணிமோகனோடு தபால் ஆபீசில் வேலை பார்த்தவர் ஹரிசாதன். வடக்குக் கல்கத்தாவின் பழைய குடும்பம். தாத்தா சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். வீட்டில் கதர் தவிர வேறு துணி நுழையாது. அகதிப் பெண்ணை எடுப்பதில் அவருடைய சித்தப்பாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அந்தச் சித்தப்பா ரிட்டயரான போலீஸ்காரர். மழை நாள் என்று பழைய காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை காரில் ஏறினார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

இருட்டும் நேரத்தில் கார் குளத்து முனையில் வந்து நின்றது. கல்யாணத்துக்காகக் கிருஷ்ணநகரிலிருந்து வந்திருந்த பீணாபாணியின் அத்தைக்குக் காலனி வழக்கம் என்ன தெரியும்? மாப்பிள்ளை வந்தால் சங்கு ஊத வேண்டும். சுவரில் தொங்கிய சங்கை எடுத்து மனசார ஊதிவிட்டாள்.

ஐயோ, அதன் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல. நாற்பது வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. அரிவாள்மணையோடு ஒருத்தி, கொள்ளிக்கட்டையோடு ஒருத்தி, கொதிக்கிற கஞ்சிப் பானையோடு ஒருத்தி. எதிரே பார்த்தால் காக்கிக் கோட்டு. போதாதா? கார் கூரை தாழ்வாக இருந்ததால் மாப்பிள்ளைக்கு வைக்கும் நெட்டிக் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதலில் இறங்கியவர் ஹரிசாதன். நடு நெற்றியில் பூரிக்கட்டையால் ஓர் அடி விழுந்தது.

அடித்தவள் சிவப்புப் பனாரசிப் பட்டில், முகமெல்லாம் சந்தனப் பொட்டோடு, காலையிலிருந்து பட்டினி கிடந்த மணப்பெண். சங்குச் சத்தம் கேட்டதும் தனக்குக் கல்யாணம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"வண்டியைத் திருப்புடா," என்றார் சித்தப்பா. "இது கல்யாண வீடா, கொள்ளைக்காரன் குகையா?"

பீணாபாணியின் அம்மா அவர் காலில் விழுந்தாள். முகூர்த்தம் தவறினால் அந்தப் பெண் அதோடு போனாள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் அன்றைக்கே கிடைத்த ஆளுக்குக் கட்டிவைக்க வேண்டும். காலனியில் தனி ஆம்பிளை என்று இருந்தது, பெண்டாட்டியை இழந்த கம்பவுண்டர் நிவாரண் பாபு மட்டும்தான். அந்த மனுஷன் நிலைமையைப் புரிந்துகொண்டு அதற்குள் சவரம் பண்ணிக்கொள்ள வீட்டுக்கே போய்விட்டார். அதைப் பார்த்தபோதுதான் பீணாபாணிக்குத் தன் கல்யாணம் மறுபடி ஞாபகம் வந்தது.

ஹரிசாதன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். ரத்தம். "அடிச்சது யாரு?" என்றார்.

"நான்தான்," என்றாள் பீணாபாணி. கட்டை இன்னும் அவள் கையில் இருந்தது.

அவர் அவளையும் கட்டையையும் பார்த்தார். பிறகு கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று புரோகிதரைக் கேட்டார். சித்தப்பா கத்தக் கத்தப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தார்.

ஏற்கனவே பார்த்துக்கொண்டவர்கள்தான். ஆனாலும் சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறதே. வெற்றிலையால் அவள் முகத்தை மூடி, மணையோடு தூக்கி வந்து, முதல் பார்வைக்கு விலக்கச் சொன்னார்கள். வெற்றிலை விலகியதும் அவர் மெதுவாக, "கையில ஒண்ணும் இல்லையே?" என்றார். அவள் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நிவாரண் பாபு மழமழவென்ற முகத்தோடு பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

தழும்பு நெற்றியில் நின்றுவிட்டது. அன்றைக்கு ஏன் திரும்பிப் போகவில்லை என்று அவள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். "கட்டையில நல்ல நெய் வாசனை வந்துச்சு, பூரி போடற வீடுன்னு தெரிஞ்சுது," என்று மழுப்புவார். மணிமோகன் துர்காபூருக்கு மாற்றலாகிப் போனதும் காலனி வீட்டுக்கே குடிவந்தார்கள். அங்கே அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒற்றைக் கதர் ஜிப்பாவாக அவர் நடமாடிய அழகு இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு இளகுகிறது.

ஒரு தடவை கட்சி வகுப்பு நடந்தது. காலேஜ் வாத்தியார் ஒருவர் வர்க்கம், உபரி என்று பேசினார். பீணாபாணி தூங்கி வழிந்தாள். நீங்கள் ஏன் இந்தக் கட்சியில் இருக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார். "சங்கு ஊதினா வருவாங்க," என்றாள். அது கொள்கை ஆகாது அம்மா என்றார் அவர். "அப்ப உங்க கொள்கை வந்ததும் என்னை எழுப்புங்க," என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பட்டா வந்தது. தட்டிச் சுவர் செங்கல் சுவரானது. பயம் போனதும் அந்தியில் சங்கும் திரும்பி வந்தது. முதல் நாள் வீட்டுக்கு வீடு ஊதியபோது கிழவிகள் வாசலில் நின்று அழுதார்கள். பீணாபாணி மட்டும் ஊதவில்லை. "அது சும்மா ஊதற சாமானா?" என்று துடைத்து மாடத்தில் வைத்துவிட்டாள்.

அப்புறம் பல வருஷம் கழித்து, புயலில் வீடு இழந்து தெற்கே சுந்தரவனத்திலிருந்து வந்த மூன்று குடும்பம் குளத்தங்கரையில் குடிசை போட்டது. எங்கள் இளைஞர் கிளப்புக்கு அதே இடத்தில் கட்டடம் வேண்டுமாம். ஒரு மத்தியானம் கிளப் செயலாளர் தபன் பையன்களோடு கடப்பாரை எடுத்து வந்தான். தபனின் பாட்டிதான் அன்றைக்குக் கஞ்சிப் பானையோடு ஓடி வந்தவள்.

"ஆக்கிரமிப்பு, மாசிமா. சட்டப்படி காலி பண்ணணும்," என்றான்.

"யாரு சொல்றா பாரு," என்றாள் பீணாபாணி. வேறொன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சங்கை எடுத்து வந்தாள். பல் விழுந்த வாய். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூச்சைப் பிடித்து மறுபடி ஊதினாள்.

தெருவில் வீட்டுக்கு வீடு டீவி ஓடிக்கொண்டிருந்தது. இளசுகள் யாரும் வரவில்லை. பட்டப்பகலில் என்ன பூஜை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மூன்று கதவுகள் திறந்தன. இடுப்பு வளைந்த ஒருத்தி அரிவாள்மணையோடு வந்தாள். ஒருத்தி கரண்டியோடு வந்தாள். தபனின் பாட்டி, கஞ்சிப் பானை தூக்க முடியாமல், வெறுங்கையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கடப்பாரைக்கு முன்னால் நின்றாள்.

கடைசியாக ஜிப்பாவுக்குப் பித்தான் போட்டுக்கொண்டே ஹரிசாதன் வந்தார்.

"மேசோ, நீங்க சட்டம் பேசறவரு. நீங்களே சொல்லுங்க," என்றான் தபன்.

"சட்டப்படி பாத்தா, உங்க மாசிமாவை நான் கட்டியிருக்கவே கூடாதுடா," என்றார் அவர். நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டினார். "பாட்டியைக் கைத்தாங்கலா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கடப்பாரையையும் எடுத்துக்கோ."

தபன் பாட்டியைப் பார்த்தான். பாட்டி அசையவில்லை. அவன்தான் கடைசியில் தலையைக் குனிந்தான். குடிசைகள் நின்றன.

அடுத்த தேர்தலில் வழக்கம்போல ஒரே ரிக்‌ஷா. போகும் வழியில் பீணாபாணி கேட்டாள்: "இன்னிக்காவது நெசத்தைச் சொல்லுங்க. அன்னிக்கு ஏன் திரும்பிப் போகலை?"

"எங்க வீட்டுல எல்லாரும் தேசத்தைப் பத்திப் பேசுவாங்க," என்றார் அவர். "ஒரு சத்தம் கேட்டுச் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடினவங்களை நான் பாத்ததே இல்லை. நீ கல்யாணத்தையே விட்டுட்டு ஓடி வந்தே."

அவள் அவர் ஜிப்பாவின் கசங்கலை நீவிவிட்டாள். "அப்புறம் ஏன் இத்தனை வருஷமா காங்கிரசுக்கே போடறீங்க?"

"தாத்தாவும் அப்படி ஒருநாள் ஓடித்தானே ஜெயிலுக்குப் போனாரு," என்றார். "அவருக்கு வேற யாரு இருக்கா, என்னை விட்டா?"

பள்ளிக்கூட வாசலில் ரிக்‌ஷா நின்றது. அவள் முதலில் இறங்கி அவருக்குக் கை கொடுத்தாள். இருவரும் உள்ளே போய் ஒருவர் ஓட்டை மற்றவர் அழித்துவிட்டு வந்தார்கள்.