பைப்பைக் கேட்டவர்

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்திருக்கும் பெயர் 'சரிங்க'. வண்டி கொண்டுவருகிறவர்கள்கூட, "சரிங்க இருக்காரா? கியர் பாக்ஸ் காட்டணும்" என்றுதான் கேட்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் இருக்கிறது.

பட்டறை என் அண்ணனுடையது. அதற்கு மேலே இரண்டு அறையில் எங்கள் குடித்தனம். காலையில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். வெளியே போக வேறு வழி கிடையாது. படி இறங்கினால் பட்டறை, பட்டறை தாண்டினால் அண்ணனின் மேஜை, அதற்கப்புறம்தான் தெரு. தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் "எங்க கெளம்பிட்டே?" என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அப்பா போன பிறகு தான் சாப்பிடாமல் எனக்கு ஊட்டியவர். ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலாவது கால் கண்ணெதிரே உதைத்தாலும் மூன்றுதான்.

கல்யாணமான முதல் வாரம் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அண்ணனை மட்டும் எதிர்த்துப் பேசிடாதீங்க. அவர் மனசு தாங்காது." அவர் சிரித்துக்கொண்டே "சரிங்க" என்றார். புதுப் பெண்டாட்டி கேட்டது, புது மாப்பிள்ளை சொன்னது. நான் அதோடு மறந்துவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்கு எரிச்சல். அண்ணன் கூப்பிட்ட குரல் முடிவதற்குள் "சரிங்க மச்சான்" என்று கீழே பதில் விழும். தப்பென்று தெரிந்தாலும் அதே பதில்தான். ஒன்றை உள்ளே விழுங்குகிறார் என்பதற்கு எனக்கு ஓர் அடையாளம் உண்டு. ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைப்பார். "உங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அதற்கும் கையைத்தான் துடைப்பார்.

கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வாய் இல்லாத குறையைக் கடவுள் கையில் சரிக்கட்டியிருக்கிறார். ஓடும் கியர் பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்து, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். கழற்றிப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். அண்ணன் உடனே வண்டிக்காரரைப் பார்த்து, "நான் அப்பவே நெனச்சேன்" என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் தேன்காரம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டைக் குரல். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த ஒரு பழைய பிக்கப். அதன் பின்னால் ஒரு டிரெய்லரில் நாற்பது தேனீப் பெட்டி ஏற்றுவார். மலையில் பூக்கும் பருவத்தில் அத்தனை பெட்டியையும் ஒரே நடையில் மேலே கொண்டுபோக வேண்டும். பெட்டிகளின் வாசலை வலை வைத்து அடைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போன வருஷம் மூன்றாவது வளைவில் கியர் பாக்ஸ் சூடேறி வண்டி நின்றுவிட்டது.

"பன்னெண்டு பெட்டி போச்சு" என்றார் அண்ணனிடம். நான் படிக்கட்டுக் கம்பியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "மூடின பெட்டிக்குள்ள அதுங்களே றெக்கையை அடிச்சு அடிச்சு காத்து போட்டுக்கும். ஒரு அளவுக்கு மேல முடியாது. அதுங்க சூட்டுலயே அதுங்க செத்துப்போயிடும். இந்த வருஷமும் நின்னா நான் தொழிலையே விட்டுட வேண்டியதுதான்."

"கூடுதலா ஒரு கூலர் போட்டா தீந்துச்சு" என்றார் அண்ணன். "மாப்ளே!"

"சரிங்க மச்சான்."

கூலர் என்றால் ஒன்றும் பிரமாதமில்லை. நோட்டுப் புத்தக அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர், எண்ணெய் உள்ளே போக ஒரு மூக்கு, வெளியே வர ஒரு மூக்கு. எனக்கு அவர் சொல்லித் தெரிந்ததைச் சொல்கிறேன். கியர் பாக்ஸுக்குள் ஓடும் சிவப்பு எண்ணெய் சூடாகி ஒரு பைப்பு வழியாக வெளியே வரும். வண்டியின் ரேடியேட்டருக்குள் புகுந்து கொஞ்சம் ஆறி, இன்னொரு பைப்பு வழியாகத் திரும்பும். பாரம் இழுத்து மலை ஏறுகிற வண்டிக்கு அந்த ஆறுதல் போதாது. அதனால் திரும்புகிற பைப்பில் இன்னொரு கூலரைச் சேர்ப்பார்கள். மாற்றி, போகிற பைப்பில் சேர்த்துவிட்டால், கூலரில் ஆறின எண்ணெய் கொதிக்கிற ரேடியேட்டருக்குள் போய் மறுபடி சூடேறும். குளித்துவிட்டு நேரே அடுப்படியில் போய் நிற்கிற கதைதான்.

எது போகிற பைப்பு, எது திரும்புகிற பைப்பு? அண்ணனுக்கு அதில் சந்தேகமே கிடையாது. "மேல் பைப்பு திரும்பற பைப்பு. முப்பது வருஷமா பாக்கறேன்." எல்லா வண்டிக்கும் அதே சட்டம். என் வீட்டுக்காரர் அன்று காலை, ஆறிக்கிடந்த எஞ்சினைக் கிளப்பிவிட்டு, இரண்டு பைப்பிலும் இரண்டிரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். முதலில் சூடாவதுதான் போகிற பைப்பு. கொஞ்ச நேரத்தில் மேல் பைப்பிலிருந்து விரலை எடுத்தார்.

"மச்சான், இந்த வண்டியில..."

"மேல் பைப்புல மாட்டு மாப்ளே."

கையைத் துடைத்தார். பளிச்சென்று இருந்த கை. "சரிங்க மச்சான்."

மேல் பைப்பிலேயே மாட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் கூலரை போல்ட் போட்டு முறுக்கி, ரப்பர் ஹோஸைச் செருகி, கிளிப்பை இறுக்கி, கூலர் குடித்த அளவுக்கு எண்ணெய் ஊற்றி, டிரைவர் முன்னால் சூடு காட்டும் மீட்டர் ஒன்றும் வைத்தார். வேலை அவ்வளவு சுத்தம். தப்பை இவ்வளவு சுத்தமாகச் செய்ய வேறு ஆளால் முடியாது. அன்று சாப்பிடும்போது நான் எரிந்து விழுந்தேன். "அது அத்தனை உசிரு. அந்தம்மா பொழப்பு. வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் தேன்காரம்மா கிளம்பினார். "கூடப் போயி பாத்துட்டு வா மாப்ளே" என்று அண்ணன் இவரையும் ஏற்றிவிட்டார். இவர் வழக்கத்தைவிடப் பெரிய பையாக எடுத்துக்கொண்டு போனார். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார். வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது.

"வண்டி நல்லா ஏறுச்சு மச்சான்."

"மேல் பைப்பு! நான் சொல்லல?"

"சரிங்க மச்சான்."

மாடியில் கைக்குட்டையை அவிழ்த்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கேட்டதற்கு, சைலன்ஸரில் பட்டுவிட்டது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்தது. மருந்து போட்டுவிட்டேன். மூன்று நாள் அவருக்கு நான்தான் பிசைந்து ஊட்டினேன். அந்த மூன்று நாளும் இடது கையால் ஸ்பானர் பிடித்தார்.

பத்து நாள் கழித்து, எண்ணெய் அளவு பார்க்க தேன்காரம்மா வண்டியைக் கொண்டுவந்து விட்டார். விட்டவர் ஒரு பாட்டில் தேனோடு படியேறி மேலே வந்தார்.

"இது உங்களுக்கு. ஒரு பெட்டிகூடச் சாகல."

"உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அவர் கை எப்படி இருக்கு?"

"உங்க வண்டி சைலன்ஸர்ல சுட்டுக்கிட்டாராமே?"

அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சைலன்ஸரா? ரெண்டாவது வளைவு தாண்டறதுக்குள்ள அந்த மீட்டர் முள்ளு செவப்புக்குப் போயிடுச்சுங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவர் நிறுத்தச் சொன்னார். ஈரச் சாக்கை டிரெய்லர் மேல போடச் சொன்னார். பையில ஒரு முழம் ஹோஸு, கிளிப்பு, ஒரு டின் எண்ணெய், எல்லாம் தயாரா இருந்துச்சு. கொதிக்கிற எண்ணெய் கையில ஊத்துது, மனுசன் உதட்டைக் கடிச்சுக்கிட்டு கூலரை மேல இருந்து கழட்டி கீழ் பைப்புல மாட்டறார். இருபது நிமிசம். அதுக்கப்புறம் முள்ளு அசையவே இல்ல."

நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஹோஸும் எண்ணெயும் பையில் இருந்திருக்கின்றன. கிளம்பும்போதே அவருக்குத் தெரியும். பட்டறையில் ஒரு வார்த்தை சொல்வதைவிட, நடுவழியில் கையை வேக வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"மலை மேல எங்க தேன்காரங்க சங்கத்துக்குப் பதினோரு வண்டி இருக்கு, ஒரு ஷெட்டு இருக்கு, தங்க வீடும் தர்றோம், வந்துடுங்கன்னு சொன்னேன்" என்றார் அந்தம்மா. "'சரிங்க'ன்னார். அது எந்த 'சரிங்க'ன்னு எனக்குப் புரியல. அப்புறம் ஏன்யா அங்கயே வாயைத் தொறக்கலன்னு கேட்டேன். 'ஒருத்திக்கு வார்த்தை குடுத்திருக்கேன்'னார். யாருங்க அது?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது, கல்யாணமான முதல் வாரம் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன 'சரிங்க' காதில் கேட்டது. பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டுக்குப் பூட்டு அண்ணன் என்று நினைத்திருந்தேன். சூடு சொரணை இல்லையா என்று கேட்ட அதே வாயால்தான் பூட்டினேன். எனக்கே நினைவில்லாத ஒரு வார்த்தைக்குள் அந்த மனுஷனை உட்கார வைத்துவிட்டு, ஏன் வெளியே வரவில்லை என்று தினமும் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழே அண்ணனின் குரல் வெடித்தது.

"மாப்ளே! இது யாரு கீழ் பைப்புல மாட்டினது?"

படியில் பாதி இறங்கிவிட்டேன். இந்தக் கியர் பாக்ஸில் எஞ்சின் ஓடும்போதுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, பானெட் திறந்திருந்தது. அண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றார். பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் வேலைக்காரர் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்த கை.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றேன். "அந்த வார்த்தையை நான் திருப்பி வாங்கிக்கிட்டேன். அண்ணன் மனசு தாங்கும். சொல்லுங்க."

துணி அவர் கையிலிருந்து கீழே விழுந்தது.

"நான்தான் மச்சான்."

"யாரைக் கேட்டு மாத்தினே?"

"பைப்பைக் கேட்டேன்."

டிங்கர்காரர் களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிக்காதவர் மாதிரி திரும்பிக்கொண்டார். அண்ணனின் முகம் சிவந்தது. "முப்பது வருஷம்..." என்று ஆரம்பித்து, மேல் பைப்பை எட்டிப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கையை உதறிக்கொண்டார். பிறகு யாரும் சொல்லாமலே, கூலரைத் தாண்டி வந்த கீழ் பைப்பை மெதுவாகத் தொட்டார். தொட்டபடியே நின்றார். அது வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதோ வெடிக்கப் போகிறது என்று நான் காத்திருந்தேன். வெடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்போம். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? பெரிதாகச் சிரித்தார். இவர் தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டு, படியில் நின்ற தேன்காரம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீங்களா? என் வளர்ப்பு! இந்தக் கையை நான் எங்கயும் விடமாட்டேன்."

அண்ணன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அந்தப் பிடிக்குள் என் வீட்டுக்காரர் தலையை மட்டும் கொஞ்சம் அசைக்க முடிந்தது. "சரிங்க மச்சான்" என்றார்.

தேன்காரம்மா போகும்போது என்னிடம் சொன்னார், "இந்த மாசக் கடைசி வரைக்கும் வேற ஆள் போடமாட்டோம்." நம்பர் எழுதிய சீட்டை டம்ளர் அலமாரியில் தேன் பாட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். எடுக்கவில்லை, எடுத்து எறியவும் இல்லை. "நான்தான் வார்த்தையை வாங்கிக்கிட்டேனே, அப்புறம் என்ன?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார், "நீ வாங்கிக்கிட்டே. எனக்குத்தான் வாய் வரல. பழகிடுச்சு." அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று தேதி இருபத்தெட்டு. கம்ப்ரஸர் ஓடுகிறது, டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. கீழே அண்ணன் கூப்பிடுகிறார், "மாப்ளே!"

முன்பெல்லாம் கூப்பிட்டு முடிப்பதற்குள் பதில் விழுந்துவிடும். அந்த நாளுக்கப்புறம் நடுவே ஓர் இடைவெளி வருகிறது. அண்ணனுக்கு அது தெரியாது. நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் இரண்டு. நேற்று நான்கு.

"மாப்ளே! காது கேக்கலியா?"

ஏழு, எட்டு. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் படிக்கு வந்து நிற்கிறேன். ஒன்பது.