காற்று போகாத பிரேக்

என் அக்கா வீட்டுக்காரரை நேரில் ‘அத்தான்’ என்று கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘செட்டாயிடும்’. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் விற்கிறார். பூசணிக்காய் முகமோ புடலங்காய் முகமோ, யார் வந்து நின்றாலும் கைக்கு எட்டிய பிரேமை எடுத்து மூக்கில் மாட்டி, “உங்களுக்கு நல்லா செட்டாயிடும்” என்பார். வாங்கியவர்கள் மறுவாரமே காதுக்குப் பின்னால் சிவந்துபோய் வந்து நிற்பார்கள். அப்போதும் அசர மாட்டார். “இன்னும் கொஞ்ச நாள் போடுங்க, காது செட்டாயிடும்” என்பார்.

கடையில் செய்வதையேதான் வீட்டிலும் செய்தார். குளியலறைக் குழாயைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சமையலறைக் கதவில் பழைய பிரிட்ஜின் கைப்பிடி. வாசலில் அழைப்பு மணிக்குப் பதிலாக ஒரு சைக்கிள் மணி. வருகிறவர்கள் அதை அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்று, கடைசியில் கதவைத் தட்டுவார்கள். அந்த வீட்டில் எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. எல்லாம் வேறு எதிலிருந்தோ கழற்றி வந்தது.

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்தக் கார் சிக்கியது. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். யாரோ தார்ப்பாய் போட்டு மூடி மறந்துபோனதைத் தூசி தட்டி, வேறொரு வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஷெட்டில் அது நிற்கிறது. அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்து பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கும் நான், என் வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு, காலையில் எழுந்ததும் பறவை எச்சத்தைத் தேய்த்துக் கழுவுகிறேன்.

அந்தக் காரைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அதற்கென்று புது பிரேக் சாமான் எங்கும் கிடைக்காது. வேறு எந்த வண்டியின் சாமான் இதற்குப் பொருந்தும் என்று தேடிப் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இதற்காகவே பிறந்தவர்போல இறங்கிவிட்டார். சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கவ்விக்குக் கேலிப்பர் என்று பெயர். துருவேறி இறுகிப்போன பழைய கேலிப்பரைத் துண்டில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு அலைந்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அது இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டு வாசலில், இறந்தவரின் காருக்கு அடியில் படுத்து அளவெடுத்த மனிதர் அவர். அக்கா வந்து காலைப் பிடித்து இழுக்காத குறை.

கடைசியில் முன்சக்கரங்களுக்கு ஒரு குடும்பக் காரின் கேலிப்பர், பின்சக்கரங்களுக்கு ஒரு சரக்கு வேனுடையது, தட்டுகள் எதிலிருந்து வந்தவை என்று அவருக்கே தெரியாது. “ஓட்டைக்கு ஓட்டை பொருந்துது, வேற என்ன வேணும்?” என்றார்.

இதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அக்கா மகள் குட்டிக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறாள். திங்கட்கிழமை, முதல் நாள், இந்தக் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் பெரிய சரிவுக்குக் கீழே இருக்கிறது. சரிவு முடிகிற இடத்தில் லாரிகள் திரும்பும் நாற்சந்தி. தினமும் வேனோடு அந்தச் சரிவில் இறங்குகிற எனக்குத்தான் அது என்னவென்று தெரியும். கால் பிரேக்கை விட்டு அகலாது. அந்தச் சரிவில் இந்தக் கதம்பத்தில் அந்தக் குழந்தை உட்கார்ந்து போக வேண்டுமாம்.

ஒரே ஒரு ஆறுதல், அத்தான் ஒரு தொடைநடுங்கி. பிரேக் பெடல் மிதித்ததும் கெட்டியாக நிற்காவிட்டால் வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுக்க மாட்டார். அது கெட்டியாகத்தான் இல்லை. ஈரத் துணியை மிதித்ததுபோல உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

பிரேக் எண்ணெய்க்குள் காற்று மாட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, கேலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறக்க, எண்ணெயோடு காற்றும் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

சீட்டில் உட்கார்ந்தது அக்கா. வேலை முடிந்து வந்தவளை, உடை மாற்றக்கூட விடாமல் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார். ஷெட்டிலிருந்து மாலை முழுக்க ஒரே பாட்டு.

“மிதி.”

“மிதிச்சிருக்கேன்.”

“விடாத. பிடி. பிடி. மூடிட்டேன், விடு.”

அந்த வாரம் முழுக்க இதுதான் நடந்தது. பெடல் மட்டும் அப்படியே கிடந்தது. பழி எங்கே போகும்? அக்காவின் காலுக்குத்தான் போயிற்று. “நீ மிதிக்கிறது சரியில்ல” என்று ஆரம்பித்தார். “உனக்கு மெஷின்னா என்னன்னே தெரியல” என்று நீண்டது. ஒருநாள் குட்டியை வைத்துக்கொண்டே, “உங்கம்மா கால்ல பலமே இல்ல” என்றார். அக்கா ஒரு மருத்துவமனையில் ஊசி போடுகிறவள். ஊசிக்குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் எடுப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. அவளிடம் போய்க் காற்றெடுப்பதைப் பற்றிப் பாடம் நடத்துகிறார் இந்த மனிதர். அக்கா காலைத் தேய்த்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை அத்தான் என் வேனில் ஏறி உட்கார்ந்தார். சாமான் வாங்கிய இடத்துக்குப் போக வேண்டுமாம், கேலிப்பர் மட்டமாம். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டு அது. முதலாளி ஒரு கிழிந்த கார் சீட்டில் சாய்ந்துகொண்டு கால்மேல் கால் போட்டிருந்தார். வாங்க வந்த அன்று இவரிடம் “எல்லாம் ஒண்ணுதான் சார், கண்ணை மூடிட்டு மாட்டுங்க” என்று சொல்லி அனுப்பிய உத்தமர். சரியான ஜோடி.

அத்தான் செல்போனில் படத்தைக் காட்டினார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், எடது பக்கத்தத வலது பக்கம் மாட்டியிருக்கீங்க. வலது எடது பக்கம் இருக்கு.”

“ஓட்டை சரியா பொருந்துச்சே.”

“பொருந்தும் சார். ஆனா திருகு கீழ வந்துடுச்சு பாருங்க. காத்து மேலதானே நிக்கும்? கீழ திறந்தா எண்ணெய்தான் வரும், காத்து எப்படி வரும்? வருஷம் முழுக்க மிதிச்சாலும் வராது.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வலது எது இடது எது என்று பார்க்காமல் மாட்டிவிட்டு, ஒரு வாரமாக ஒருத்தியின் காலைத் திட்டியிருக்கிறார். வேனில் திரும்பும்போது சும்மா இருக்க முடியவில்லை.

“அக்கா கால்ல பலம் இல்லன்னீங்களே அத்தான்.”

வெளியே வேடிக்கை பார்த்தபடி, “அதுவும் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான்” என்றார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை அக்காவிடமும் குட்டியிடமும் நானே போட்டு உடைத்தேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். குட்டி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மா முகத்தையே பார்த்தாள். அக்கா “அப்படியா” என்றதோடு சரி.

மாலைக்குள் கேலிப்பர்களை இடம் மாற்றிவிட்டார். அக்காவைக் கூப்பிட்டார். அவர் மூக்கறுபடுவதைப் பார்க்க வேண்டும் என்று நானும் போய்க் காரின் கதவோரம் சாய்ந்து நின்றேன். மிதி, பிடி, விடு. நான்கு சக்கரமும் முடிந்தன. எழுந்து வந்து கையால் பெடலை அமுக்கிப் பார்த்தார். ஈரத் துணி.

“பார்த்தியா?” என்றார் என்னைப் பார்த்து. “இப்ப என்ன சொல்ற?”

மறுபடி படுத்தார். மறுபடி “மிதி” என்றார். இந்தத் தடவை நான் குனிந்து அக்காவின் காலைப் பார்த்தேன். மிதித்தாள். அழுத்தமாக, ஆடாமல் மிதித்தாள். “விடாத, பிடி” என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே, “மூடிட்டேன்” என்ற சொல் வருவதற்குச் சற்று முன்னால், அந்தக் கால் பூப்போல மேலே எழுந்தது. “பிடிச்சிருக்கேன்” என்றாள் அக்கா. நிமிர்ந்தபோது என் கண்ணைப் பார்த்துவிட்டாள்.

சமையலறையில் பிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

“என்னக்கா பண்ற நீ?”

“மெதுவா பேசு. பெடல் கெட்டியாயிட்டா எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாரு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, தட்டு எதோடதுன்னே தெரியாது. அதை நம்பி குட்டியைக் கூட்டிட்டு அந்தச் சரிவுல இறங்கிடுவாரு. கெட்டியாகலன்னா கேட்டைத் தாண்ட மாட்டாரு.”

“வேண்டாம்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா என்னாகும்? நீங்க செஞ்சதுல எனக்கு நம்பிக்கை இல்லன்னு ஆகும். இவ்வளவு வருஷத்துல அவரு கைபட்டது ஒண்ணாவது உருப்படியா வந்திருக்கா? அவருக்கும் அது தெரியும். அதை நான் வேற சொல்லணுமா? என் காலு சரியில்லன்னு இருந்துட்டுப் போகட்டும்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வாரமாக இவளுக்காக நான் எரிந்துகொண்டிருக்க, இவள் நிதானமாக ஏச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மனிதர் சொன்னது வேறு உண்மையாகிவிட்டது. மிதிக்கிறவள்தான் சரியில்லை. அவர் வாழ்க்கையில் சரியாகக் கண்டுபிடித்த ஒரே கோளாறு அதுவாகத்தான் இருக்கும். இப்படி ஒரு ஆளுக்காக இவ்வளவு நல்ல மூளையைச் செலவழிக்கிறாளே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“உங்கக்காவ வச்சு மாரடிக்க முடியாது. நீ வா. நீ வேன் ஓட்டுறவ, உனக்குப் பெடல்னா என்னன்னு தெரியும்.”

போய் உட்கார்ந்தேன். மறுநாளைக்கு வாங்கிய புதுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு குட்டி வந்து கதவோரம் நின்றாள். அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

முதல் சக்கரத்துக்குச் சரியாகத்தான் மிதித்தேன். சரியாகப் பிடித்தேன். பழக்கம் அப்படி. அடுத்ததற்கும் அப்படியே. பெடல் என் காலுக்கடியில் கெட்டியாகிக்கொண்டே வந்தது. நல்ல பெடல் எப்படி இருக்கும் என்று என் காலுக்குத் தெரியும், இது அதேதான். ஒரு நிமிடம் எனக்கே ஆசையாக இருந்தது. இத்தனை வருடமாக வேன் ஓட்டுகிறேன், எந்தப் பிள்ளையின் தகப்பனும் என் பிரேக்கைக் குறை சொன்னதில்லை. இந்தச் செட்டாயிடும் வாயால் என் காலும் சரியில்லை என்று கேட்க வேண்டுமா? ஓட்டைக்கு ஓட்டை பொருந்திவிட்டது. ஒருவேளை நிற்கும், யார் கண்டது? சரிவும் அந்த நாற்சந்தியும் கண்ணுக்குள் வந்தன.

“விடாத, பிடி” என்றார் அவர்.

காலை எடுத்தேன். அடுத்த சக்கரத்துக்கும் எடுத்தேன்.

எழுந்து வந்து அமுக்கிப் பார்த்தார். “வேன் ஓட்டுற காலுன்னு நம்புனேன். உங்க குடும்பத்துக்கே காலு சரியில்ல” என்றார். குட்டி பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அவள் என் வேனில் முன்சீட்டில் ஏறினாள். அத்தான் எண்ணெய்க் கையோடு கேட்டில் நின்றார். “அடுத்த மாசம் கண்டிப்பா. பிரேக் எண்ணெயத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், சின்ன லாரியோடது, செட்டாயிடும்” என்றார். குட்டி அவருக்குக் கையசைத்தாள். தெரு திரும்பும்வரை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

“அழுகையா வருதா?” என்று கேட்டேன்.

“இல்ல சித்தி. நேத்து நீ கால எடுத்ததைப் பார்த்தேன். அம்மாவும் அப்படித்தான் எடுப்பாங்க. அவங்க மிதிச்ச முதல் நாளே பார்த்துட்டேன்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“சொல்லல. அந்தக் கார்ல போக எனக்கும் பயமா இருந்துச்சு.”

சரிவு வந்தது. நான் பிரேக்கில் காலை வைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அத்தான் தெரியமாட்டார் என்று தெரிந்தும் ஒருமுறை பார்த்தேன். அந்த வீட்டில் அவரை நம்பி ஒரு சின்னப் பிள்ளைகூட இல்லை என்பது அவருக்குத் தெரியாது. முதல் முறையாக அந்த மனிதரை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.